பழவாசம் அடிக்கும் ஆல்கஹால் இல்லாத பேல் ஏல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பேரங்காடிக் குளிர்ப்பெட்டிகளில் இந்த டின்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முதலில் வரும், வில்லங்கமானவை போகப் போக வரும்.

இது பீரா, இல்ல சும்மா மால்ட் தண்ணியா?

பீர்தான். முளைவிட்டு உலர்த்திய பார்லி மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் என்று மற்ற பீருக்கு ஆகும் அதே சாமான்களைக் கொண்டு காய்ச்சியது. கடையில் எலுமிச்சை, ஆப்பிள் என்று சுவை சேர்த்து விற்கும் மால்ட் பானங்கள் பெரும்பாலும் நொதிக்க வைக்கப்படாதவை. அவற்றில் ஹாப்ஸின் கசப்பும் பேருக்குத்தான் இருக்கும்.

ஏல் என்பது 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும் ஈஸ்ட்டால் நொதிக்க வைப்பது. நம்மூரில் பலருக்கும் பழகிய டைகர், கார்ல்ஸ்பெர்க் எல்லாம் லாகர். அது இதைவிடக் குளிர்ச்சியில், மெதுவாக நொதிப்பது. ‘பேல்’ என்பது வெளிறிய மால்ட்டைக் குறிக்கும் சொல். குவளையில் பார்த்தால் வைக்கோல் நிறத்திலிருந்து இளந்தேன் நிறம்வரை இருக்கும்.

மாம்பழம், லைச்சி வாசம் வருதே, ஜூஸ் கலந்திருக்காங்களா?

டின்னின் பின்பக்கம் சாமான் பட்டியல் இருக்கும். அதில் பழச்சாறோ பழக்கூழோ எழுதியிருந்தால் கலந்திருக்கிறார்கள். எழுதவில்லை என்றால் அந்த வாசம் முழுக்க ஹாப்ஸிலிருந்து வந்தது. பேல் ஏலில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம், சுவாரசியமும் அதில்தான்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதற்குள் மஞ்சள் தூளாக இருக்கும் பிசினில் கசப்பும் இருக்கிறது, வாச எண்ணெயும் இருக்கிறது. நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசம் ஆவியாகிப் போய்விடும். அதனால் வாசத்துக்கான ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகோ, நொதித்து ஆறிய பிறகோ போட்டு ஊறவிடுவார்கள். பின்னதற்குப் பெயர் ட்ரை ஹாப்பிங். ரசத்தில் கொத்தமல்லித்தழையை இறக்கும்போது தூவுகிறோமே, அதே கணக்கு.

எந்த ஹாப்ஸ் என்பதைப் பொறுத்துப் பழமும் மாறும். 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த காஸ்கேட், கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் இனப் பழம்) தோலின் வாசம் தரும். சிட்ரா என்றால் லைச்சி, மாம்பழம், எலுமிச்சை. 2012இல் வந்த மோசாயிக் ஒரு பக்கம் மாம்பழம், மறுபக்கம் புளூபெரி என்று போகும். நியூசிலாந்தின் நெல்சன் சாவினில் கூஸ்பெரியும் வெள்ளைத் திராட்சையும் சேர்ந்து வரும். இதில் பெரும்பங்கு தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்களுடையது. கொய்யாவிலும் பாஷன் பழத்திலும் இருக்கும் அதே சங்கதி. சில தயால்கள் ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். டுரியான் வாசத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம் என்பதால், கொஞ்சம் கூடிப்போனால் பழம் வெங்காயமாக மாறுவதில் ஆச்சரியமில்லை.

ஆல்கஹால எப்படி எடுக்கிறாங்க? எடுத்தா ருசி போயிடாதா?

இரண்டு வழி. ஒன்று, முழுப் பீராகக் காய்ச்சிப் பிறகு ஆல்கஹாலைப் பிரிப்பது. சாதாரண அழுத்தத்தில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். வெற்றிடத்தில் வைத்தால் நாற்பது டிகிரிச் சூட்டிலேயே கிளம்பிவிடும், பீர் வேகாது. ஆனால் ஆல்கஹாலோடு பழவாசமும் சேர்ந்து போகும். அதனால் பிரித்த பிறகு மறுபடி ஹாப்ஸ் ஊற வைப்பார்கள். மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்திப் பிரிக்கும் முறையும் உண்டு.

இன்னொன்று, ஆல்கஹால் உண்டாகவே விடாமல் பார்த்துக்கொள்வது. மால்ட்டை வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் ஊற வைத்தால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாகும். அல்லது மால்ட்டோஸ் என்ற சர்க்கரையைத் தொடவே தெரியாத ஈஸ்ட்டைப் பயன்படுத்துவார்கள். சிறிய ஆலைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன, ஏனென்றால் பிரிக்கும் இயந்திரம் விலை அதிகம்.

ருசி மாறத்தான் செய்யும். ஆல்கஹால் நாக்குக்குக் கொஞ்சம் இனிப்பு, தொண்டைக்குச் சூடு, வாய்க்கு ஒரு கனம் மூன்றையும் தருவது. அது போன இடத்தை நிரப்பத்தான் ஓட்ஸ், கோதுமை, சில சமயம் பால் சர்க்கரை சேர்க்கிறார்கள். டின் கலங்கலாக இருப்பதும் அந்த ஓட்ஸ், கோதுமையின் புரதத்தால்தான். கெட்டுப்போனதல்ல.

ஒரு டின்ல 0.0ன்னு இருக்கு, இன்னொண்ணுல 0.5ன்னு இருக்கு. எது உண்மையிலேயே இல்லாதது?

0.5 விழுக்காடு என்றால் 330 மில்லி டின்னில் 1.65 மில்லி, அதாவது சுமார் 1.3 கிராம் ஆல்கஹால் இருக்கலாம். ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் இதையும் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்றே விற்கலாம். இறக்குமதி டின்களில் அந்த வாசகம் இருப்பதால் குழப்பம் வருகிறது. முன்பக்க வாசகத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

ருசிக்காக மட்டும் என்றால் எங்கள் ஓட்டு 0.5க்கு. அந்தக் கொஞ்சமே வாயில் ஒரு உருண்டையைத் தருகிறது. மதம், கர்ப்பம், மருந்து, குடியை விட்டவர் என்று ஏதாவது காரணம் இருந்தால் ருசி இரண்டாம் பட்சம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையுமே தொடக்கூடாது.

நல்லா ஜில்லுனு வெச்சு டின்லயே குடிக்கிறேன். தப்பா?

தாகத்துக்குத் தப்பில்லை. ருசி பார்க்க என்றால் காசு வீண். பழவாசம் நாக்கில் இல்லை, மூக்கில் இருக்கிறது. டின்னின் துளைக்கு மேலே மூக்குக்கு இடமில்லை. குளிர்ப்பெட்டியின் 4 டிகிரியில் வாச எண்ணெய் எழும்பாது, கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். ‘வெறும் கசப்பா இருக்கு’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் செய்வது இதுதான். 7 முதல் 10 டிகிரி சரியானது. நம் வெயிலுக்குக் குவளையில் ஊற்றி ஐந்தாறு நிமிடம் வைத்தாலே அந்த நிலைக்கு வந்துவிடும். ஐஸ் கட்டி போடாதீர்கள். ஏற்கெனவே கனம் குறைந்த பானம், தண்ணீரும் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது.

வாய் குறுகி வயிறு அகன்ற குவளை நல்லது. ஒயின் குவளை போதும். எவர்சில்வர் டம்ளர் மோருக்குத்தான் லாயக்கு, விளிம்பு வெளியே விரிந்திருப்பதால் வாசம் ஓடிவிடும். குவளையில் எண்ணெய்ப் பசையோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. சோதிக்க எளிய வழி: குவளையை நனைத்து உள்ளே கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம், திட்டுத்திட்டாக விழுந்தால் மறுபடி கழுவ வேண்டும். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

சரி, ருசி பார்க்கிறது எப்படி? படிப்படியா சொல்லுங்க.

குவளையைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். 45 டிகிரி சாய்த்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நேராக நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு நுரை வேண்டும். நுரை உடையும்போதுதான் வாசம் மேலே வருகிறது. டின் அடியில் வண்டல் இருக்கும் வகை என்றால் கடைசிக் கொஞ்சத்தை மெல்லச் சுழற்றி ஊற்றலாம்.

நுரை அடங்கும் முன்பே முகருங்கள். நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை. ஆல்கஹால் இல்லாத திரவம் வாசத்தைப் பிடித்து வைக்காது, மேலே கிளம்பி வந்துவிடும். முதல் ஐந்து நிமிடத்தில் கிடைப்பதுதான் அதிகம். மனதில் தோன்றிய முதல் பழத்தை எழுதிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் ‘மாம்பழம்’ என்று சொன்ன பிறகு எல்லோருக்கும் மாம்பழம்தான்.

பிறகு ஒரு வாய். நாக்கு முழுக்கப் படும்படி இரண்டு மூன்று விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள், இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தொண்டை வழியே மேலேறும் வாசம் முதலில் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். வெளியே லைச்சியாக இருந்தது உள்ளே எலுமிச்சைத்தோலாக மாறும். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, அது சுத்தமாக முடிகிறதா, நாக்கைச் சுரண்டுகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடம் கழித்து, கொஞ்சம் சூடேறிய பிறகு, இன்னொரு வாய். குறை இருந்தால் அப்போது வெளியே வந்துவிடும்.

மத்தவங்க பாஷன் ஃப்ரூட், பைன் மரம்னு அடுக்குறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலையே?

மூக்கில் குறை இல்லை. வாசத்துக்குப் பெயர் வைத்துப் பழகாததுதான் குறை. அந்தப் பட்டியல்கள் வேறு ஊர்க்காரர்கள் எழுதியவை. பைன் காட்டை முகராதவர் ஏன் பைன் என்று சொல்ல வேண்டும்? பினாங்கு சௌராஸ்தா சந்தையிலோ பிரிக்பீல்ட்ஸ் பழக்கடையிலோ சொற்பச் செலவில் பாடம் கிடைக்கும்: பழுத்த கொய்யா ஒன்று, லிமாவ் கஸ்தூரி நான்கு, ஒரு துண்டு லிமாவ் பாலி, கொஞ்சம் லைச்சி, ஒரு தண்டு செராய். ஒவ்வொன்றின் தோலையும் நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு உடனே குவளையை முகருங்கள். எது ஒத்துப்போகிறது என்று மூக்கே சொல்லும்.

பெயர் சொல்லும்போது பழத்தோடு நிற்காமல் அதன் நிலையையும் சொல்லிப் பாருங்கள். காய் மாங்காயா, பழுத்ததா, கனிந்து அழுகப் போவதா? கெடோண்டோங் புளிப்பா, ஆசம் போய் உப்பா? பாலிக் புலாவ் ஜாதிக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சில டின்களில் அந்தக் காரவாசமே வரும். அது ஹாப்ஸ் எண்ணெயின் மசாலாப் பக்கம்.

வாசம் நல்லா இருக்கு, குடிச்சா ஹார்லிக்ஸ் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கே?

இந்த வகையின் பரம்பரை வியாதி அது. காய்ச்சிய மால்ட் சாற்றில் ஆல்டிஹைடு என்ற சேர்மங்கள் இருக்கும். முழுதாக நொதித்தால் ஈஸ்ட் அவற்றைக் குறைத்துவிடும், மிச்சத்தை ஆல்கஹால் மூடி மறைக்கும். மேலே சொன்ன இரண்டாவது வழியில் காய்ச்சும்போது ஈஸ்ட்டுக்கும் வேலை குறைவு, மறைக்க ஆல்கஹாலும் இல்லை. நாக்குக்கு ஹார்லிக்ஸ், மைலோ, சில சமயம் அவித்த உருளைக்கிழங்கு என்று தெரியும். நன்றாகக் காய்ச்சியவர்கள் பழ ஹாப்ஸையும் லேசான புளிப்பையும் வைத்து இதைச் சமாளித்திருப்பார்கள். பழவாசம் அடங்கிய பிறகும், குவளை சூடேறிய பிறகும் மால்ட் தலைதூக்காவிட்டால் அது தேறிய டின்.

வேற என்ன நாத்தம் வந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்?

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. எரிந்த ரப்பரும் பூண்டும் கலந்த மாதிரி குப்பென்று அடித்தால் வெளிச்சம் பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து அந்த வாடையை உண்டாக்கும், பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில்தான் இது வரும். டின்னில் வராது, அதனால் டின்னையே வாங்குங்கள். பாப்கார்ன் வெண்ணெய் வாசம் ஈஸ்ட் வேலையை முடிக்காததால் வருவது. வெங்காய வாடை ஹாப்ஸின் குணம், கெட்டதல்ல, பிடிப்பதும் பிடிக்காததும் உங்கள் பாடு.

புளித்த மாவு வாசம், திறக்கும்போது பீய்ச்சி அடிப்பது, டின் உப்பியிருப்பது இவை மட்டும் வேறு ரகம். ஆல்கஹால் இல்லாததால் கிருமிக்கு இங்கே தடை குறைவு, மிச்சச் சர்க்கரையும் உண்டு. ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

காலாவதிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. ஆனா பழவாசமே இல்லையே?

‘பாய்க் செபெலும்’ என்று போட்டிருக்கும் தேதி பானத்தின் பொதுவான தரத்துக்கு. வாசத்துக்கு உத்தரவாதமல்ல. ஹாப்ஸ் வாசம் டின்னில் அடைத்த நாளிலிருந்தே இறங்கத் தொடங்கும். அடியில் அடைத்த தேதி இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள்.

தேதியைவிட வெப்பம் மோசம். பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு மூப்பு. நம்மூரில் நண்பகல் வெயிலே 32. குளிரூட்டாத கிடங்கில் ஒரு வாரம் கிடந்த டின் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே அலமாரியில் தள்ளுபடி விலையில் அடுக்கியிருப்பதை விட்டு, குளிர்ப்பெட்டியில் இருப்பதை எடுங்கள். வாங்கியதைக் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டுப் படம் பார்க்கப் போகாதீர்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு இது ஒத்துப்போகுமா?

காரம் அதிகமென்றால் ஒத்துப்போகாது. வாயு நிறைந்த கசப்புப் பானம் மிளகாய் எரிச்சலைத் தூண்டும், அணைக்காது. மீன்தலைக் கறிக்கும் நாசி கண்டாரில் ஊற்றும் கலந்த குழம்புக்கும் பக்கத்தில் வைத்தால் பழம் காணாமல் போய்க் கசப்பும் காரமும் மல்லுக்கு நிற்கும்.

பொரித்ததும் சுட்டதும்தான் இதன் ஜோடி. உளுந்து வடை, பொரித்த கோழி, தந்தூரி, சாத்தே, கச்சாங் பூத்தே. சட்டிப் புகைவாசம் ஏறிய சார் குவே தியாவ் மிக நன்றாகச் சேரும். இனிப்புக் குழம்பு ஊற்றிய பசெம்பூரும் பரவாயில்லை. பாயசத்தோடு மட்டும் வேண்டாம், இனிப்புக்குப் பின் இது வேப்பிலைக் கஷாயமாகிவிடும்.

மிச்சத்தை மூடி வெச்சு நாளைக்குக் குடிக்கலாமா?

வேண்டாம். வாயுவும் வாசமும் போயிருக்கும், கிருமிக்குத் தடை குறைவு என்று மேலே சொன்ன காரணமும் சேரும். பெரிய டின் என்றால் இரண்டு பேராகப் பகிருங்கள்.

சர்க்கரை வியாதி இருக்கு. பீர் இல்லைதானே, குடிக்கலாமா?

பீரைவிட இதில் சர்க்கரை கூடுதலாக இருக்கக்கூடும் என்பதுதான் பொறி. ஈஸ்ட் தின்னாமல் விட்டது அப்படியே இருக்கிறது. சத்துப் பட்டியலில் ‘கார்போஹிட்ராட்’ வரியைப் பாருங்கள். 100 மில்லிக்கு 5 கிராம் என்றால் 330 மில்லி டின்னில் 16.5 கிராம், நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். 2 கிராம் உள்ள டின்களும் வருகின்றன, தேடி எடுங்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

ரெண்டு டின் குடிச்சிட்டு கார் ஓட்டினா ஊதச் சொல்லும்போது மாட்டுவேனா?

மலேசியாவில் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், மூச்சில் 22 மைக்ரோகிராம். 70 கிலோ ஆண் ஒருவருக்கு 0.5 விழுக்காட்டு டின் ஒன்றின் 1.3 கிராம் முழுவதும் ஒரே நொடியில் ரத்தத்தில் கலந்தாலும் 3 மில்லிகிராமைத் தொடாது. இரண்டு டின்னுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் ஈரம் கருவியில் ஒரு கணம் தெரியக்கூடும். வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

தைப்பூச விரதத்துல இருக்கேன். 0.0தானே, பரவாயில்லையா?

இதற்கு வேதியியலில் பதில் இல்லை. தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ காவடி எடுப்பவர் கைவிடுவது ஆல்கஹால் மூலக்கூறை மட்டுமல்ல, பீர் குடிக்கும் பழக்கத்தையும்தான். எங்கள் கருத்து, விரதம் முடியட்டும். இன்னொரு விஷயமும் உண்டு. சில பீர்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவார்கள். மற்ற நாளிலும் சைவம் பார்ப்பவர்கள் ‘வீகன்’ குறி உள்ள டின்னை எடுத்தால் அந்தக் கவலையும் பால் சர்க்கரைக் கவலையும் சேர்ந்து தீரும்.

தீபாவளிக்கு முஸ்லிம் கூட்டாளிங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. மேசையில வைக்கலாமா?

முஸ்லிம் நண்பர்களுக்கு நீட்டாதீர்கள். 2011இல் தேசிய ஃபத்வா மன்றம் எடுத்த முடிவில், மதுவாகக் காய்ச்சும் நோக்கம் இல்லாத குளிர்பானத்தில் 1 விழுக்காட்டுக்குக் கீழ் ஆல்கஹால் இருந்தால் குடிக்கலாம். ஆனால் மது காய்ச்சும் அதே நோக்கத்தோடும் முறையோடும் செய்தது, ஆல்கஹால் கொஞ்சமோ நிறையவோ பிரித்தெடுத்ததோ, கூடாது. இந்த பேல் ஏல் இரண்டாவதில்தான் விழும். 2019இல் ஹைனெகன் 0.0 இங்கே வந்தபோதும் அது முஸ்லிம் அல்லாத, 21 வயது நிரம்பியவர்களுக்கே என்றுதான் நிறுவனம் சொன்னது. பிள்ளைகளுக்கும் அதே எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பானங்களோடு ஒரே வாளியில் போடாமல் தனியே வைத்தால், டின்னைப் பார்த்து ஏமாந்து எடுக்கும் சங்கடமும் வராது.

நாலு டின் வாங்கியிருக்கோம். ஒப்பிட்டுப் பார்க்கணும், எந்த வரிசையில?

ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 60 மில்லி போதும். கசப்பு எண் (IBU) அச்சிட்டிருந்தால் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். எண் இல்லையென்றால் நிறம் வெளிறியது முதலில், பழக்கூழ் சேர்த்தது கடைசியில். இடையில் தண்ணீர், ஒரு கடி உப்பில்லாத பிஸ்கட். ஐந்தாறுக்கு மேல் மூக்கு மரத்துவிடும். அன்றைக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி, அத்தர் எதுவும் வேண்டாம்.

பேரைப் பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், ஒருவர் உள்ளே போய் மூன்று ஒரே மாதிரிக் குவளையில் ஊற்றிக் கொண்டுவரட்டும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடியுங்கள். கண்ணை மூடிக் கைவைத்தாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் நான்கைந்து சுற்றாவது ஆட வேண்டும்.

உண்மையான பேல் ஏல் பக்கத்துல வெச்சா இது தோத்துடாதா?

வாசத்தில் தோற்க வேண்டியதில்லை. புதிய டின்னாக இருந்தால் மூக்கை வைத்து மட்டும் பிரிப்பது கஷ்டம். நடுவாயில் கனம் குறைவாகவும் முடிவு சட்டென்று அறுந்ததுபோலவும் இருக்கும், அதை எந்த ஆலையும் முழுதாக மறைத்ததில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் இதை முதலில் குடியுங்கள். அதைக் குடித்துவிட்டு இதற்கு வந்தால் பச்சைத்தண்ணீராகத்தான் தெரியும்.